கத்தியின் தட்டைப் பக்கம்

உங்க வீட்டுச் சமையலறைக் கத்தியைக் கடைசியா எப்போ தீட்டினாங்கன்னு கேட்டா, உங்ககிட்ட பதில் இருக்கா? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பல வீடுகளில் இதுக்கு ஒரே பதில்தான்: தக்காளி நசுங்க ஆரம்பிச்ச பிறகு. பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடி விளிம்பில் நாலு தேய் தேய்ச்சா அன்னைக்குச் சமையல் ஓடிடும். அதுக்கு மேல யாரும் யோசிக்கிறதில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை, அந்தக் கத்தி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்.

ஆனா இன்னொண்ணு வாங்க முடியாத கத்தின்னா? அதை எப்போ தீட்டுறது, எப்படித் தீட்டுறதுன்னு முடிவு பண்ண எனக்கு ஆறு மாசம் ஆச்சு. சிரிக்காதீங்க. கேம்பஸ் இன்டர்வியூவுக்குக்கூட நான் இவ்வளவு யோசிக்கலை.

கத்தியை முதல்ல அறிமுகப்படுத்திடறேன். மடக்குக் கத்தி. மூடினா உள்ளங்கைக்குள் அடங்கிடும். மரக் கைப்பிடி, பித்தளை ரிவெட். கம்பெனி பேர் எப்பவோ தேய்ஞ்சு போச்சு. அலகு கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் இல்லை. மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினா கறுத்துடும். ஈரத்தோட மடிச்சு வெச்சா மறுநாள் துரு. இது என் தாத்தாவோடது, அம்மாவைப் பெத்தவர். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கன்று நர்சரிகளில் 35 வருஷம் ஒட்டுக் கட்டினவர். போன வருஷம் கை நடுங்க ஆரம்பிச்சதும், "இனிமே இது என்கிட்ட இருந்து என்ன பண்ணப் போகுது, நீ வெச்சுக்கோ கண்ணு"ன்னு என்கிட்ட கொடுத்துட்டார்.

ஒட்டுக் கட்டுறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். (நானும் இங்கிலீஷ் மீடியம்தான். 'கிராஃப்டிங்'னு புத்தகத்தில் படிச்சேன், தாத்தா அதைத்தான் வாழ்நாள் பூரா செஞ்சார்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் மண்டையில் உறைச்சது.) மாங்கொட்டையைப் போட்டு வளர்த்தா, தாய்மரத்துப் பழம் மாதிரியே வரும்னு சொல்ல முடியாது. அதனால கொட்டையிலிருந்து வளர்ந்த கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல பிளப்பாங்க. நல்ல மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுத்துவாங்க. பட்டைக்கு அடியில் மெல்லிசா ஒரு பச்சைப் படலம் இருக்கும், பயாலஜியில் கேம்பியம்னு படிச்சிருப்பீங்க. கன்றோட படலமும் குச்சியோட படலமும் ஒட்டி உட்கார்ந்தாதான் ஒட்டு பிடிக்கும். வெட்டு அலை அலையா இருந்தா நடுவில் இடைவெளி விழும், குச்சி காய்ஞ்சு போகும். பிடிக்காத கன்றுக்குத் தாத்தாவுக்குக் கூலி கிடையாது. ஆக, அவருக்கு அந்தக் கத்தியின் கூர்தான் வருமானம்.

இந்த வேலைக்காகவே அந்தக் கத்தி ஒரு பக்கம் மட்டும் சரிவா தீட்டப்பட்டிருக்கு. நுனி முன்னாடி, கூர் கீழே இருக்கிற மாதிரி கத்தியைப் பிடிச்சுப் பார்த்தா, வலது முகத்தில் சரிவு. இடது முகம் சுத்தத் தட்டை. குச்சி மேல அந்தத் தட்டை முகம் படிஞ்சு போகும், அதனால வெட்டும் தட்டையா வரும். நம்ம வீட்டுக் கத்தி இரண்டு பக்கமும் சரிஞ்சு நடுவில் கூர் சேரும். வித்தியாசம் அவ்வளவுதான். என் ஆறு மாசம் போனதும் அந்த வித்தியாசத்தில்தான்.

ஏன்னா நான் நொட்டாங்கை.

நாலு பேர் சேர்ந்து காலேஜுக்கு வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம். (கத்தி ரூமோட சரி. கேம்பஸுக்குள் கொண்டு வரக் கூடாது, நானும் கொண்டு வர்றதில்லை.) கொய்யா நறுக்க, பார்சல் பிரிக்க, ப்ராஜெக்ட் ஸ்கெட்சுக்குப் பென்சில் சீவ, எல்லாத்துக்கும் இதுதான். ஆனா இடது கையில் பிடிச்சு வெளிப்பக்கமாத் தள்ளிச் சீவினா, பென்சில் மேல தட்டை முகம் படியாது, சரிவு முகம் படியும். கத்தி மரத்துக்குள்ள இறங்காம மேல வழுக்கிட்டுப் போகும். இறக்கணும்னா முதுகைத் தூக்கிப் பிடிக்கணும். தூக்கினா ஒரேயடியா ஆழமா இறங்கும், லெட் உடையும். கத்தி கூரா இருந்தப்போ இதைச் சமாளிச்சேன். மழுங்க ஆரம்பிச்சதும் முடியலை.

மழுங்கிடுச்சுன்னு எப்படித் தெரியும்? தாத்தா சொன்ன வழிகள் மூணு இருக்கு, உங்க வீட்டுக் கத்திக்கும் பொருந்தும். முதல்ல, கூரை மேல பார்க்கத் திருப்பி லைட்டுக்கு அடியில் பிடிங்க. நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, அங்கே ஒரு கோடே தெரியாது. எங்கே வெள்ளையா மின்னுதோ அங்கே மழுங்கியிருக்கு. ரெண்டாவது, நகத்து மேல சாய்வா, அழுத்தாம வெச்சுப் பாருங்க. கூர் இருந்தா நின்னுக்கும், மழுங்கினா வழுக்கும். மூணாவதுதான் தாத்தாவோட சொந்த டெஸ்ட். ஒரு பச்சைக் குச்சியைச் சாய்வா ஒரே இழுப்பில் வெட்டி, வெட்டின முகத்தைப் பாருங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா கத்தி நல்லா இருக்கு. நார் நாரா இருந்தா கத்தி வெட்டலை, நசுக்கியிருக்கு.

மூணு டெஸ்ட்டிலும் என் கத்தி ஃபெயில். சரி, தீட்டணும். எப்படி?

ரூமில் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தன் வொர்க்‌ஷாப்பில் பெஞ்ச் கிரைண்டர் இருக்கே, ரெண்டு நிமிஷ வேலைன்னான். கேம்பஸுக்குள் கொண்டு போகக் கூடாதுங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு மெல்லிய அலகைக் காய்ஞ்ச சக்கரத்தில் பிடிச்சா கூரின் ஓரம் சில விநாடியில் சூடேறும். ஓரத்தில் நீல நிறம் வந்தா அங்கே வெப்பம் சுமார் 300 டிகிரியைத் தொட்டிருக்குன்னு அர்த்தம். அந்த இடத்தில் டெம்பர் இறங்கிடும், கூர் அப்புறம் நிக்காது. மெட்டலர்ஜி பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும். இன்னொருத்தன் தெருவில் சைக்கிள் சக்கரத்தோட வர்ற சாணைக்காரர்கிட்ட கொடுக்கச் சொன்னான். அரிவாள்மனைக்கும் அரிவாளுக்கும் அவர்தான் சரி. ஆனா என் கத்தியில் பாக்கி இருக்கிற இரும்பு ரொம்பக் கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம்னு அளந்தேன். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதையாவது செய்ய வேண்டாமா? மடிப்புக்குப் பக்கத்தில் தீட்டுக்கல் எட்டாத ஒரு துளி இடம் இருக்கு, அங்கே அலகு புதுசா இருந்தப்போ இருந்த அகலத்திலேயே இருக்கு. வெர்னியரில் 17.6 மி.மீ. நடுவில் வெச்சா 14.9. வித்தியாசம் 2.7 மி.மீ. அதை 35 வருஷத்தால் வகுத்தா, வருஷத்துக்கு 0.08 மி.மீ.கூட வரலை, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். சீசனில் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கில் ஒட்டுக் கட்டின மனுஷர் ஒரு வருஷத்துக்குச் செலவு பண்ணின இரும்பு அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தாத்தா கஞ்சத்தனமா எதையும் செஞ்சு நான் பார்த்ததில்லை. இரும்பு விஷயத்தில் மட்டும் இப்படி இருந்திருக்கார்.

அந்தக் கணக்கு ஒரு பயத்தைப் போக்கிடுச்சு. தீட்டினா கத்தி தீர்ந்து போயிடும்னு இருந்த பயம். அவர் மாதிரித் தீட்டினா என் ஆயுசுக்குத் தீராது. ஆனா இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. அவர் மாதிரியே தீட்டணுமா, இல்லை எனக்கு ஏத்த மாதிரியா?

யூடியூப் முழுக்க ஒரே அறிவுரைதான். இரண்டு பக்கமும் சம கோணத்தில், ஒரு பக்கத்துக்கு இருபது டிகிரின்னு தீட்டுங்க. அப்படிச் செஞ்சா எந்தக் கையாலும் பென்சில் சீவலாம், கொய்யா நறுக்கலாம். என் பிரச்சினை அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும். ஆனா அதுக்குத் தட்டை முகத்தில் கல்லைச் சாய்ச்சு வைக்கணும். ஒரு தடவை அங்கே சரிவு விழுந்தா, மறுபடி தட்டையாக்க அந்தச் சரிவு மறையுற அளவுக்கு அலகையே தேய்க்கணும். மெஷினிங் லேபில் முதல் நாள் சொல்றதுதான்: மெட்டீரியலை எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ தாத்தாகிட்டயே கேட்டேன். "தாத்தா, தட்டைப் பக்கத்தையும் தேய்ச்சுடட்டுமா?"

அவர் கத்தியை வாங்கி, அந்த முகத்தில் கட்டைவிரலை வெச்சு ஒரு தடவு தடவினார். "தேய்ச்சா பென்சில் சீவலாம். ஒட்டுக் கட்ட ஆகாது. உனக்கு எது வேணுமோ அப்படித் தேய்ச்சுக்கோ. கத்தி உன்னுது."

வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். சொல்லலை. ஒருத்தர் தன் பொருளை முழுசா கொடுத்துட்டா, அதை என்ன செய்யணும்னு சொல்ற உரிமையையும் சேர்த்தே கொடுத்துடறார்போல. அதோட கனம் அன்னைக்குத்தான் தெரிஞ்சது. நான் தேய்ச்சுட்டா, 35 வருஷம் அவர் பார்த்த வேலையை அந்தக் கத்தி இனிமே பார்க்காது. தேய்க்காம விட்டா, என் கையில் அது வேலைக்கே ஆகாது, ஷோகேஸில் வைக்க வேண்டியதுதான். ரெண்டுமே எனக்குப் பிடிக்கலை.

ரூமுக்குத் திரும்பி ஒரு ஸ்கேலை எடுத்தேன். நீங்களும் இப்பவே செஞ்சு பார்க்கலாம். ஸ்கேலைக் கத்தி மாதிரி இடது கையில் பிடிங்க, நுனி முன்னாடி, ஒரு விளிம்பு கீழே. கீழ் விளிம்புதான் கூர்னு வெச்சுக்கோங்க. இடது முகத்தில் பேனாவால் 'த'ன்னு எழுதுங்க, அதுதான் தட்டை. இப்போ வெளிப்பக்கமாத் தள்ளிச் சீவுற மாதிரி நடிங்க. 'த' மேல பார்க்கும், அதாவது குச்சியில் படியுறது சரிவு முகம். அதே ஸ்கேலை வலது கைக்கு மாத்தி வெளியே தள்ளுங்க. 'த' கீழே போயிடும். தாத்தா வேலை செஞ்சது இப்படித்தான். சரி, மறுபடி இடது கை. இந்தத் தடவை வெளியே தள்ளாம, கூரைத் திருப்பி உங்க பக்கமா இழுங்க.

'த' கீழே வந்திருக்கும்.

கை மாறினா முகம் மாறுது. திசை மாறினாலும் முகம் மாறுது. ரெண்டையும் சேர்த்து மாத்தினா பழைய இடத்துக்கே வந்துடுது. மைனஸ் இன்டு மைனஸ் ப்ளஸ், எட்டாங்கிளாஸ் கணக்கு! கத்தியில் கையே வைக்க வேண்டாம், நான் சீவுற திசையை மாத்தினா போதும். தன் பக்கமா இழுக்கிறப்போ சின்னச் சின்ன இழுப்பா, மெதுவா, கட்டைவிரலைக் கூர் வர்ற பாதைக்கு வெளியே வெச்சு இழுக்கணும். பழக ஒரு வாரம் ஆச்சு. பென்சில் அழகாச் சீவுது.

அதுக்கப்புறம்தான் கல்லை எடுத்தேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ். 1891-ல் எட்வர்ட் அச்சிசன்னு ஒரு அமெரிக்கர் செயற்கை வைரம் பண்ணப் பார்த்தப்போ கிடைச்ச சிலிக்கன் கார்பைடுதான் இது. மோ அளவுகோலில் ஒன்பதுக்கு மேல. எந்தக் கத்தியையும் தின்னும், அதனால அளவோட ஊட்டணும்.

என் கத்திக்கு நான் செய்யுறது இதுதான். முதல்ல கல்லைத் தொடுறதே இல்லை. பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், கூருக்கு எதிர்த்திசையில் பத்துப் பதினைஞ்சு இழுப்பு. முடிதிருத்துற கடையில் சவரக்கத்தியைத் தோல்பட்டையில் தேய்ப்பாங்களே, அதேதான். பல தடவை கூர் தேய்ஞ்சு போயிருக்காது, லேசா மடங்கியிருக்கும், அவ்வளவுதான். நகத்தில் நின்னா விட்டுடுவேன், அன்னைக்கு இரும்புச் செலவு பூஜ்யம்.

நிக்கலைன்னாதான் கல், அதுவும் நைஸ் பக்கம். சரிவு முகத்தில் பர்மனன்ட் மார்க்கரால் மை பூசிட்டு, கல்லில் தண்ணி விட்டு ஒரே ஒரு தடவை இழுத்துப் பாருங்க. மை சரிவு முழுக்கச் சமமா அழிஞ்சா கோணம் சரி. முதுகுப் பக்கம் மட்டும் அழிஞ்சா கொஞ்சம் தூக்கணும், கூர் ஓரத்தில் மட்டும் அழிஞ்சா கொஞ்சம் இறக்கணும். டிகிரி எல்லாம் அளக்க வேண்டாம், தாத்தாவோட கோணம் அந்தச் சரிவிலேயே இருக்கு. நான் அதைத் தேடிப் பிடிச்சா போதும். அடிவாரத்திலிருந்து நுனி வரைக்கும் லேசா இழுத்துட்டே இருந்தா, ஒரு கட்டத்தில் மறுபக்கம், தட்டை முகத்து ஓரத்தில், விரலுக்கு ஒரு சொரசொரப்பு தட்டும். லேபில் இதுக்கு 'பர்'னு பேர். தாத்தா பேர் 'பிசிர்'. பிசிர் முழு நீளத்துக்கும் வந்துட்டா உடனே நிறுத்திடணும். அதுக்கு மேல இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் வீண் செலவு.

கடைசியா, தட்டை முகத்தைக் கல்லில் முழுசாப் படிய வெச்சு ஒரே ஒரு இழுப்பு. சாய்க்கக் கூடாது, துளிகூட. பிசிர் போயிடும். மறுபடி பெல்ட்டில் நாலு இழுப்பு, துணியால் துடைச்சு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். முடிஞ்சது, பத்து நிமிஷம்.

போன ஜூலையில் இந்தக் கத்தியோட ஊருக்குப் போனேன். தாத்தா வீட்டுக்குப் பின்னாடி பைகளில் பத்து நாட்டு மாங்கன்று நின்னுட்டிருந்தது. பத்து நாளைக்கு முன்னாடியே மரத்தில் குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, மாமாவை விட்டு இலையைக் கிள்ளி வெச்சிருந்தார். எனக்காகன்னு சொல்லலை, சும்மா கிள்ளினேன்னார். நான் இடது கையில், என் பக்கமா இழுத்துச் சீவினேன். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெட்டின ஒவ்வொரு முகத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரெண்டு குச்சியைத் தூக்கிப் போட்டார், மிச்சத்துக்கு ஒண்ணும் சொல்லலை. ஆனா நான் சீவுற விதத்தைப் பார்த்து, "எங்க மேஸ்திரி இருந்திருந்தா உன்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்டா"ன்னு சிரிச்சார்.

பத்தில் நாலு துளிர்த்தது. "நாலுக்குத்தான் கூலி"ன்னு போனில் கறாரா சொல்லிட்டார்.

இந்த செமஸ்டரோட காலேஜ் முடியுது. வேலை வேற ஊரில். செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவில் கத்தியும் வரும், பெல்ட் துண்டும் வரும், கல்லும் வரும். ஜூலையில் லீவு கிடைக்குமான்னு ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கே பார்த்துட்டேன். சம்பளத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

அதுவரைக்கும் ரூமில்தான் இருப்பேன். உங்க வீட்டுக் கத்தி மழுங்கியிருந்தா நியூஸ்பேப்பரில் சுத்தி எடுத்துட்டு வாங்க, கல்லும் தண்ணியும் நம்மகிட்ட இருக்கு. வர்றப்போ கேம்பஸ் கேட் வழியா மட்டும் வராதீங்க, சுத்திட்டு வாங்க. வந்ததும் முதல்ல ஒண்ணு கேட்பேன்: இந்தக் கத்தியால என்ன வெட்டுறீங்க? அது தெரியாம நான் கல்லை நனைக்க மாட்டேன்.